மலடி என்னும் பழியும் சர்க்கரை வியாதியும்

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்றால் நமது ஊர்களில் என்ன நடக்கிறது? திருத்தங்கலில் ஆனாலும் சரி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ஆனாலும் சரி, ராஜபாளையத்து மில் தொழிலாளர் குடியிருப்பில் ஆனாலும் சரி, நடப்பது ஒன்றுதான். பழி பெண்ணின் தலையில் விழுகிறது. வளைகாப்பு வீட்டில் அவளை ஒதுக்கி உட்கார வைக்கிறார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். நாட்டு மருந்து, மந்திரித்த கயிறு, பத்தியம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. நாலாவது வருஷம் திண்ணையில் 'இரண்டாம் தாரம்' என்ற பேச்சுக் கிளம்புகிறது.

இவ்வளவும் நடக்கும். அந்தப் பெண்ணின் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, அதில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் காரியம் மட்டும் நடக்காது!

கும்பிடுகிறவர்களைக் கும்பிட வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பிள்ளை உண்டாகாததற்குக் காரணங்கள் பல என்பதும் தெரிந்ததே. எல்லாவற்றையும் சர்க்கரை வியாதியின் தலையில் கட்டிவிட முடியாது. சர்க்கரை வியாதி உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை கட்டுமீறி நின்றால் அது கண்ணையும் காலையும் மட்டும் தாக்குவதில்லை, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே பெண்ணின் கருமுட்டையைத் தாக்குகிறது என்பதை விஞ்ஞானம் இன்று ஐயமில்லாமல் காட்டுகிறது. இவ்வளவு சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடிய, சரிசெய்யக்கூடிய ஒரு காரணத்தை நமது சர்க்காரும் சரி, நமது ஆலை முதலாளிகளும் சரி, பார்க்கவேண்டிய வயதில் பார்ப்பதில்லை. இதுதான் நமது குற்றச்சாட்டு.

பணக்காரர் வியாதியா?

"சர்க்கரை வியாதி உட்கார்ந்து தின்கிற செட்டுக்கு வருவது, கூலிக்காரனுக்கு ஏது?" என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு பூராவும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இத்தனை கோடிச் செட்டுகள் இந்த நாட்டில் எங்கே இருக்கிறார்கள்?

அரைவயிற்றுக் கஞ்சி குடித்த தாயின் குழந்தைக்கும் இந்த வியாதி வருகிறது. புனாவில் டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். எடை குறைந்து பிறக்கும் நம் நாட்டுக் குழந்தையை வெள்ளைக்காரக் குழந்தையோடு ஒப்பிட்டால், தசைதான் வெகுவாகக் குறைந்திருக்கிறது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்று கண்டார்கள். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அந்த உடம்பில் பிற்காலத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறுகிறது. கூழுக்கு வழியில்லாத பாட்டியின் பட்டினி, பேத்தியின் ரத்தத்தில் சர்க்கரையாக வந்து நிற்கிறது.

இதோடு நமது உழைப்பின் தன்மையையும் சேர்த்துப் பாருங்கள். பயராபீஸில் சரம் பின்னும் பெண், பெட்டியில் அடைக்கும் பெண், காலையிலிருந்து சாயங்காலம் வரை சம்மணம் போட்ட இடத்திலேயே இருக்கிறாள். பீஸ் ரேட் என்பதால் எழுந்தால் நஷ்டம். கை ஓடுகிறது, உடம்பு அசைவதில்லை. மில்லில் வேலை செய்யும் பெண் நாள் பூராவும் நடக்கிறாள், ஆனால் ராத்திரி ஷிப்ட் அவளுடைய தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. ராத்திரி ஷிப்ட் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குச் சர்க்கரை வியாதி அதிகம் வருகிறது என்பது பல நாடுகளில் கண்டறிந்த உண்மை. சாப்பாடோ மூன்று வேளையும் அரிசிதான். இடையில் டீயும் வடையும்.

முட்டைக்கு என்ன நேர்கிறது?

ஆணின் உடம்பு நாள்தோறும் புதிய விந்தணுக்களை உற்பத்தி செய்கிறது. பெண்ணின் கதை அப்படியல்ல. வாழ்நாளுக்கு வேண்டிய கருமுட்டைகளையெல்லாம் உடன்கொண்டே பெண் குழந்தை பிறக்கிறது. பிறக்கும்போது சுமார் 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது சுமார் 3, 4 லட்சம். அதிலும் மாதத்துக்கு ஒன்றாக முதிர்ந்து வெளிவருவது ஆயுளில் 400 அல்லது 500தான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் இருக்கும் முட்டைக்கு வயது இருபத்திரண்டுக்கு மேல். அவள் பட்ட பசி, நோய், காய்ச்சல் எல்லாவற்றிலும் அதுவும் கூடவே இருந்திருக்கிறது.

இந்த முட்டை தானாகச் சர்க்கரையை எரித்துப் பிழைக்கத் தெரியாத ஒன்று. அதைச் சுற்றி ஊட்டும் செல்கள் கூட்டமாக நிற்கின்றன. அவைதான் சர்க்கரையை உடைத்துப் பக்குவப்படுத்தி, நுண்ணிய வாய்க்கால்கள் வழியாக முட்டைக்கு அனுப்புகின்றன. தாய் மென்று குழந்தைக்கு ஊட்டுகிறாளே, அதுபோல. ரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே போனால் முட்டைக்குத் தீனி கூடும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. ஊட்டும் செல்கள் மடிகின்றன. வாய்க்கால்கள் குறைகின்றன. சர்க்கரைக் குளத்தின் நடுவில் முட்டை பட்டினி கிடக்கிறது!

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் கெல்லி மோலி என்ற அம்மையாரின் குழுவினர் சுண்டெலிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். சர்க்கரை வியாதி உள்ள எலியின் முட்டைகள் சிறுத்திருந்தன, முதிர்வதற்குத் தாமதமாயின. முட்டைக்குள் லட்சக்கணக்கில் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் சக்தி நிலையங்கள் சீர்குலைந்திருந்தன. மில் தொழிலாளர்களுக்கு விளங்கும் விஷயம் ஒன்று இங்கே உண்டு. முட்டை முதிரும்போது தன்னிடமுள்ள 46 குரோமோசோம்களில் பாதியைக் கழித்து 23-ஐ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பிரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்வது நூலிழைகளால் ஆன ஓர் அமைப்பு. அதற்குப் பெயரே கதிர்! நமது ரிங் பிரேமில் சுற்றுகிற அதே பெயர். மில்லில் கதிர் கோணினால் நூல் என்ன ஆகும் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2009-ல் வெளிவந்த இவர்களுடைய ஆராய்ச்சியில், சர்க்கரை வியாதி எலிகளின் முட்டைகளில் கதிர் கோணிக் கிடப்பதையும் குரோமோசோம்கள் வரிசை தவறி நிற்பதையும் கண்டார்கள். மனிதரில் இப்படிக் கணக்குத் தவறிய முட்டை கருவானாலும் பெரும்பாலும் தங்குவதில்லை. 'நாள் தள்ளிப்போய்ப் பிறகு கலைந்துவிட்டது' என்று வீட்டில் சொல்வார்களே, அவற்றில் பல இப்படிப்பட்டவை.

அதற்கு முந்திய ஆண்டில், 2008-ல், வெளிவந்த பரிசோதனை இன்னும் கூர்மையானது. சர்க்கரை வியாதி உள்ள எலியிடமிருந்து ஒரே நாள் வயதான கருவை எடுத்து, நோயில்லாத எலியின் வயிற்றில் வைத்து வளர்த்தார்கள். சுகமான வயிறு, நல்ல ரத்தம். ஆனாலும் குட்டிகளில் வளர்ச்சிக் குறைவும் உறுப்புக் கோளாறும் தோன்றின. அப்படியானால் கேடு எப்போது நிகழ்ந்தது? வயிற்றில் வளரும்போது அல்ல. முட்டையாக இருக்கும்போதும், கரு உண்டான முதல் நாளிலுமே நிகழ்ந்துவிட்டது.

2022-ல் சீன விஞ்ஞானிகள் இதற்கு அடுத்த படியை எட்டினார்கள். சர்க்கரை கூடிய எலியின் முட்டையில் 'டெட்-3' என்ற பொருள் குறைந்துபோகிறது. மரபணுவின் மேல் விழுந்திருக்கும் ரசாயனப் பூட்டுகளைத் திறப்பது அதன் வேலை. அது குறைந்தால், சர்க்கரை ஏறியதை அறிந்து இன்சுலினைச் சுரக்கச் சொல்லும் மரபணு ஒன்று பூட்டியபடியே கிடக்கிறது. விளைவு, பிறக்கும் குட்டி பெரிதானதும் அதற்கும் சர்க்கரைக் கோளாறு. எலியில் கண்டதெல்லாம் மனிதரில் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் எச்சரிக்கை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெளிவு.

'நீர்க்கட்டி' என்று இப்போது ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதிலும் சர்க்கரைக்குப் பங்குண்டு. உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்கும்போது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகையான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்தன்மைச் சுரப்பைக் கூட்டிவிடுகிறது. முட்டைகள் பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. படத்தில் கட்டிபோல் தெரிவது வளர்ச்சி நின்ற இந்த முட்டைப் பைகள்தான். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று தள்ளிப்போகிறது. உடம்பு பருத்த பெண் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு முட்டை மறுபடியும் வெளிவரத் தொடங்குகிறது. சாதாரண மெட்பார்மின் மாத்திரையும் சிலருக்கு உதவுகிறது. இதைப் பார்க்காமல் 'அவள் ராசி அப்படி' என்று பேசுவது எவ்வளவு பெரிய அக்கிரமம்!

கார்ல்ஸ்பர்க் காட்டிய வழி

எலியை விடுங்கள், மனிதருக்கு வருவோம். 1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு கடுமையான சர்க்கரை வியாதி உள்ள பெண் கர்ப்பமாவதே அபூர்வம், ஆனாலும் தாயும் பிள்ளையும் பிழைப்பது அதைவிட அபூர்வம். கண்டுபிடித்தவர்கள் அந்த உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று உலக இன்சுலின் வியாபாரத்தின் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது என்பது வேறு கதை.

இன்சுலின் வந்தபின் கர்ப்பம் தரித்தது, ஆனால் ஊனமாகப் பிறக்கும் குழந்தைகள் குறையவில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை கண்ட இடங்களில் முதன்மையானது, அன்றைய ஜெர்மன் ஜனநாயகக் குடியரசில் இருந்த கார்ல்ஸ்பர்க் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் பூர்மானும் சகாக்களும் செய்தது எளிய காரியம். இன்சுலின் போட்டுவந்த பெண்களைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அழைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அதன்பிறகு பிள்ளை பெறச் சொன்னார்கள். 1983-ல் கணக்கை வெளியிட்டார்கள். முன்கூட்டியே கட்டுப்படுத்திய தாய்மாருக்குப் பிறந்த 128 குழந்தைகளில் ஊனம் ஒன்றே ஒன்று. எட்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்த தாய்மாருக்குப் பிறந்த 292 குழந்தைகளில் 22!

எட்டு வாரம் என்பது என்ன கணக்கு? கருவின் இருதயமும் முதுகுத்தண்டும் உருவாகி முடிகிற காலம் அது. நமது பெண்களில் எத்தனை பேர் நாள் தள்ளிப்போன எட்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார்கள்? பலருக்குத் தலைமுழுகாமல் இருப்பதே அப்போதுதான் உறுதியாகிறது.

பார்க்க வேண்டிய வயது எது?

தமிழ்நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் டாக்டர் வி. சேஷையாவின் விடாமுயற்சியினால், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற ஏற்பாடு 2007-ல் வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கிறார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் வைத்தியம். இதனால் பிழைத்த தாய்மார்களும் குழந்தைகளும் ஏராளம்.

ஆனால் அந்தப் பரிசோதனை கர்ப்பமான பிறகு. கர்ப்பமே ஆகாதவளுக்கு? அவளை யார் பார்ப்பது?

மத்திய சர்க்காரின் தேசியத் திட்டத்தில், ஜனங்களைத் தேடிச் சென்று சர்க்கரை பார்ப்பது 30 வயதில் தொடங்குகிறது. 2025 நவம்பர் 21-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது மத்திய சர்க்கார் தம்பட்டம் அடித்த விஷயங்களில் ஒன்று, தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்பது. யாருக்கு? 40 வயது தாண்டியவர்களுக்கு! கர்ப்பிணிக்கு ஒரு பரிசோதனை, முப்பதுக்கு மேல் ஒரு பரிசோதனை, நாற்பதுக்கு மேல் ஒரு பரிசோதனை. பத்தொன்பது வயதில் பயராபீஸுக்கு வந்து, இருபத்தொன்றில் கல்யாணமாகி, இருபத்தைந்தில் மலடி என்று பெயர் வாங்குகிற பெண் இந்த மூன்று வலையிலும் சிக்காமல் நடுவே விழுந்துவிடுகிறாள். முட்டை முதிரும் வயது, பிள்ளை பெறும் வயது, அந்த வயதைத்தான் சட்டம் பார்க்க மறுக்கிறது.

அறிகுறியாவது தெரியாதா என்று கேட்கலாம். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி, பிறப்புறுப்பில் ஆறாத அரிப்பு, கழுத்தில் கருமை படிவது, இவை அறிகுறிகள். பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. தெரிந்தாலும் என்ன? கக்கூஸ் சரியாக இல்லாத ஆலையில் பெண் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். இரண்டு தரம் எழுந்து போனால் போர்மேன் முறைக்கிறார், கணக்கப்பிள்ளை கணக்கில் கழிக்கிறார். உடம்பு கொடுக்கிற எச்சரிக்கையை ஆலையின் ஒழுங்கு அடக்கிவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம்தான். விடிந்தும் விடியாமலும் ஆலை வண்டி ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அந்த இலவசத்தை எந்த நேரத்தில் போய் வாங்குவது? ஒரு நாள் கூலியை இழந்தால்தான் இலவசம் கிடைக்கும்!

பிறகு பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரம் கண்ணில் படுகிறது. தாலிச் செயினை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அந்த வைத்தியமே வேண்டாம் என்பதல்ல, குழாய் அடைப்பு போன்ற காரணங்களுக்கு அது தேவைதான். ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காத உடம்பிலிருந்து எடுக்கும் முட்டை, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தாலும் அதே முட்டைதானே?

இன்னொன்றையும் உரத்துச் சொல்ல வேண்டும். புருஷனுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை வியாதி விந்தணுவையும் கெடுக்கிறது, ஆண்மையையும் தளர்த்துகிறது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் கோளாறு இருக்கிறது. இரண்டாம் தாரம் தேடப் புறப்படும் வீரர்கள் முதலில் விரலை நீட்டட்டும்.

தாய்மார்களுக்குச் சில விவரங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை வியாதி. 100-க்கும் 125-க்கும் இடையில் எச்சரிக்கை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் இன்னொரு பரிசோதனையும் உண்டு, அதில் கர்ப்பத்துக்கு முன் 6.5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். ஒரு முட்டைப் பை முதிர்ந்து வெடிப்பதற்கு முந்திய கடைசி வளர்ச்சிக்கும் ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கிறது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் மூன்று மாதம் முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, போலிக் அமில மாத்திரையும் தொடங்கிவிட வேண்டும். அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, அவற்றை மாற்றிக் கொடுப்பார்கள்.

"சோற்றைக் குறை, காய்கறி தின்னு" என்று உபதேசம் செய்வது சுலபம். ரேஷனில் அரிசியைப் போட்டுவிட்டுச் சோற்றைக் குறைக்கச் சொன்னால் மீதி வயிற்றுக்கு எதைப் போடுவது? 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த, இன்றும் விளைகிற நமது கரிசல் காட்டுக்கு அது ஏன் வரக் கூடாது? விளைவிக்கும் சம்சாரிக்கும் விலை கிடைக்கும், தின்கிற கூலிக்காரிக்கும் நன்மை. பருப்பின் அளவையும் கூட்ட வேண்டும்.

சங்கங்கள் இந்த விஷயத்தை மாதர் பிரச்சினை என்று ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிடக் கூடாது. பதினெட்டு வயது முதல் ஆலைக்கு வரும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஆண்டுக்கொரு தடவை ஆலை வாசலிலேயே, கூலி நேரத்திலேயே, சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். முடிவு தொழிலாளியின் கையில் மட்டும் கொடுக்கப்பட வேண்டும். வேலையை விட்டு நிறுத்த அதை முதலாளி சாக்காக்கக் கூடாது. ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாதவர்களுக்கும், வீட்டில் தீப்பெட்டி வேலை பார்க்கும் பெண்களுக்கும், களையெடுக்கப் போகும் பெண்களுக்கும் சர்க்கார் சாயங்கால நேர முகாம் நடத்த வேண்டும். 2022 ஜனவரி 12-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில், பிள்ளைக்கு ஏங்கும் தம்பதிகளுக்கும் சர்க்கரை வியாதி உள்ள இளம் பெண்களுக்கும் வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, தனிப் பகுதி நடத்த வேண்டும். தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சுவார்த்தைக்கு எழுதிக் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலிலேயே ஆலை வாசல் பரிசோதனையையும் இந்த ஆண்டு சேர்த்து எழுதிக் கொடுங்கள்.